மரியாம்பிள்ளை சாகாத புத்தகம்

எனக்குக் கதையில் யாரும் சாகக் கூடாது, பிள்ளை. மழை பெய்ய வேண்டும், அடுப்பில் ஏதாவது கொதிக்க வேண்டும், கோபித்துக்கொண்டு போனவன் கடைசிப் பக்கத்துக்குள் திரும்பி வந்து கதிரையை இழுத்துப் போட்டுச் சாப்பிட உட்கார வேண்டும். இப்படிச் சொன்னால் படித்தவர்கள் என்னை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். பார்க்கட்டும். ஊரில் அழுததெல்லாம் போதாதென்று காசு கொடுத்து வாங்குகிற புத்தகத்திலுமா ஒப்பாரி வைக்க வேண்டும்?

நீங்கள் குசினிக்குள் வந்து, "ஏன் அன்ரி அப்படி வாசிச்சீங்க?" என்று கேட்டதில் பிழையில்லை. கிண்ணியாப் பள்ளிக்கூடத்தில் என் மனுசனிடம் கணக்குப் படித்தவர் நீங்கள், ஜெஸ்மின். கணக்குப் பிசகினால் பொறுக்காது. தேத்தண்ணி கொதிக்குமட்டும் இருங்கள், சொல்கிறேன். மாஸ்டர் விறாந்தையில் இருக்கிறார். கண் போனாலும் அவருக்குக் காது பாம்புக் காது. மெதுவாகக் கதைப்போம்.

அவர் பென்சன் எடுத்த கையோடு கண்ணில் வெள்ளை படர்ந்தது. முதலில் பேப்பர் எழுத்து மறைந்தது, பிறகு என் முகம். பேப்பர் இல்லாமல் அந்த மனுசன் அறுந்த பல்லிவால்போல் துடித்தார். நான் வாசித்துக் காட்டினேன். பேப்பர் முடிந்த பின்னேரங்களில் என்ன செய்வது? அப்படித்தான் 'கிழக்குத்துறைத் தேநீர்க்கடை' இந்த வீட்டுக்குள் வந்தது. உங்களுக்கும் நான்தானே இரவல் தந்தேன். ஒரு துறைமுகம், ஒரு தேநீர்க்கடை, பல் விழுந்த கடைக்காரி, எவர் சொல்லும் கேளாத பூனை, எல்லாரையும் அக்கரைக்கு ஏற்றி இறக்குகிற லோஞ்சுக்காரர் மரியாம்பிள்ளை. வேறொன்றும் நடக்காது. கதைப்புத்தகம் வேலையற்றவர்களின் தொழில் என்று காலமெல்லாம் சொன்ன தனஞ்சயன் மாஸ்டர், நாலு நாளில் "பிறகு?" என்று கேட்கத் தொடங்கிவிட்டார்.

நான் மத்தியானத்தில் முன்கூட்டியே படித்து வைத்துக்கொள்வேன். நாலாம் பாகத்தில் மரியாம்பிள்ளை செத்துப் போனார். இந்தக் குசினியில்தான் நின்று அழுதேன். எழுதினவனுக்கு அந்த மனுசன் என்ன கெடுதல் செய்தார்? அன்று பின்னேரம் அந்தப் பக்கம் வந்தபோது, மரியாம்பிள்ளைக்குத் தடிமன் பிடித்து மூக்கு ஒழுகியதாக வாசித்தேன். மல்லிக்கோப்பி குடித்தார். எழும்பினார். மாஸ்டரும் ஒரு பெருமூச்சு விட்டார்.

ஆனால் செத்தவரை உயிரோடு வைத்திருப்பது லேசான வேலை என்று நினைக்காதீர்கள். ஐந்தாம் பாகத்தில் அவர் செத்த ஆண்டுப் பூசை வந்தது. அதைப் பிறந்தநாள் பூசையாக்கினேன். ஆறாம் பாகத்தில் அவருடைய மனைவி அந்தோனியா, சொல்லாமல் கொள்ளாமல் பேக்கரிக்காரனைக் கலியாணம் செய்துவிட்டாள். எனக்கு வேர்த்துவிட்டது. பேக்கரிக்காரனை அவளுடைய ஒன்றுவிட்ட அண்ணனாக்கி, கலியாண வீட்டைப் புதுவீட்டுக் குடிபூரலாக்கினேன்.

"ஏன் தயா, குடிபூரலுக்கு அந்த மனுசி ஏன் அழுகிறா?" என்று கேட்டார்.

சந்தோசத்தில் என்றேன். நம்பினார்.

இன்றைக்கு நீங்கள் நல்ல மனதோடுதான் அந்தப் புத்தகத்தைப் படமாக்கின தொடரைக் கொண்டுவந்து போட்டீர்கள். அவர் கேட்டுக்கொண்டிருப்பார், நீங்களும் நானும் பார்த்துச் சொல்வோம் என்று நினைத்தீர்கள். படம் எடுத்தவர்களைப் பற்றி நான் ஏன் வாயைக் கெடுக்க வேண்டும்? துறைமுகத்துக்கு நீச்சல் குளத்து நீலம் பூசியிருந்தார்கள். பல் விழுந்த கடைக்காரிக்கு முத்துப் பல், உதட்டில் சாயம். தேத்தண்ணி ஆற்றுகிறாளா, பரதநாட்டியம் ஆடுகிறாளா என்று தெரியவில்லை. பூனை சொல் கேட்கவில்லைபோல, நாயை வைத்துவிட்டார்கள். ஒருவர் மூச்சு விட்டால் பின்னால் வயலின் அழுகிறது. எல்லாவற்றையும் அவர் பொறுத்துக்கொண்டார். மரியாம்பிள்ளையைச் சாகடித்ததைத்தான் பொறுக்கவில்லை.

பெரிய அவமானம் நடந்ததுபோல் எழும்பி நின்றார். நீங்கள், "இல்ல சேர், புத்தகத்திலயும்..." என்று தொடங்கினீர்கள்.

"தயா, அந்தப் பக்கத்தை எடுத்து வாசியும் பாப்பம்" என்றார்.

வாசித்தேன். நீங்கள் என் தோளுக்குப் பின்னால் நின்று, அச்சில் உள்ளதைப் பார்த்துக்கொண்டு நான் சொல்வதைக் கேட்டீர்கள். தடிமன், மல்லிக்கோப்பி, எழும்பினார். ஒரு சொல் தடக்கவில்லை எனக்கு. அவர் முகம் தெளிந்ததை நீங்களும் பார்த்தீர்கள்.

"கேட்டீங்களே பிள்ளை? படம் எடுக்கிறவங்களை நம்பேலாது. புத்தகத்தைத்தான் நம்ப வேணும்."

நீங்கள் "ஓம் சேர்" என்றீர்கள். அதற்கு உங்களுக்கு நன்றி. நானும் அப்படித்தான் தொடங்கினேன்.

உங்களுடைய மற்றக் கேள்விக்கு வருகிறேன். கண்ணில் வெண்படலம் என்றால் இப்போது காலையில் போய்ப் பின்னேரம் வீட்டுக்கு வரலாமே, ஏன் ஒப்பரேசன் செய்து வெட்டவில்லை என்று கேட்டீர்கள். கிளினிக்குக்குப் போகாமல் இல்லை. டொக்டர் சிங்களப் பிள்ளை, நல்ல பொறுமைசாலி. கச்சேரியில் அரசாங்க வேலை செய்ததால் நான் சிங்களச் சோதனை பாஸ் பண்ணினவள். மாஸ்டருக்குத் தெரிந்தது மீன் விலை கேட்கிற சிங்களம். டொக்டர் படம் கீறிக் காட்டி, மங்கினதை எடுத்துவிட்டுப் புதுசு வைத்தால் ஒரு மாதத்தில் தானே பேப்பர் வாசிப்பார் என்றார்.

"என்னவாம்?" என்று அவர் என் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

பேப்பர் என்ற சொல்லிலேயே நான் நின்றுவிட்டேன். கலியாணம் கட்டின நாளிலிருந்து அந்தப் பேப்பருக்குப் பின்னால் இருந்த மனுசன் அவர். காலையில் பேப்பர், பின்னேரம் பிள்ளைகளின் கொப்பி திருத்தல், இரவில் செய்தி. நான் சொன்ன எதற்கும் ஒரு "ம்". அவர் கெட்டவரில்லை. என்னைக் கேட்க நேரமில்லாதவர். இப்போது என் குரல் நின்றால் ஓர் இடத்தில் இருக்க மாட்டார்.

"நரம்பு தளர்ந்து போச்சாம். ஒண்டும் செய்யேலாதாம்" என்றேன்.

டொக்டரிடம், அவர் பயப்படுகிறார், பிறகு வருவோம் என்று சொன்னேன். அவர் மாஸ்டரின் தோளில் தட்டி, பயப்பட வேண்டாம் என்றார். மாஸ்டர் அதை அனுதாபம் என்று எடுத்துக்கொண்டு கும்பிட்டார். பஸ் நிலையத்தில், அத்தனை சனத்துக்கு முன்னால், என் கையைத் தடவிப் பிடித்துக்கொண்டார். அவர் அப்படிப் பிடித்தது அதுதான் முதல் தடவை. நான் எவ்வளவு சந்தோசப்பட்டேன் தெரியுமா, பிள்ளை?

அப்படிப் பார்க்காதீர்கள். மொழி மாற்றினால் கொஞ்சம் கூடக் குறைய வரும். புத்தகத்தைப் படமாக்குகிறவர்கள் நல்லதைக் கெடுத்துப் பணமும் வாங்குகிறார்கள். நான் கெட்டதை நல்லதாக்கினேன். ஒரு சதம் வாங்கவில்லை.

போன மாரிக்கு இடது கண்ணில் குத்து வந்தது. படலம் முற்றிக் கண்ணுக்குள் அழுத்தம் ஏறிவிட்டது, இந்தக் கண் இனி இல்லை என்று டொக்டர் என்னை ஏசினார். வலது கண்ணுக்கு இன்னும் வழியிருக்கிறது, ஆனால் தள்ளிப் போடாதீர்கள் என்றார். வயதுக்கு இது வாறதுதானாம் என்று மாஸ்டருக்குச் சொன்னேன். குத்து வந்த இரவுகளில் இரண்டு அத்தியாயம் கூடுதலாக வாசித்தேன். நான் இரக்கமில்லாதவள் இல்லை.

தேத்தண்ணி கொதித்துவிட்டது. அவருடையதை நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள், சொல்ல வேண்டியதையும் சொல்லுங்கள். நான் தடுக்க மாட்டேன். அவர் சிரித்துவிட்டு, "தயா, இந்தப் பிள்ளை என்ன சொல்லுது?" என்று என்னைத்தான் கேட்பார். நம்பாவிட்டால் கிளினிக்கில் எழுதித் தந்த துண்டையும் எடுத்துத் தருகிறேன், மேசை லாச்சிக்குள்தான் இருக்கிறது. அவர் அதைத் தடவிப் பார்த்துவிட்டு என்னிடம்தான் நீட்டுவார்.

நீட்டினால், வழக்கம்போல் வாசித்துக் காட்டுவேன்.