பாதித் தலை தாண்டின பிறகு

தலைய ஆட்டாதம்மா, வகிடு கோணிரும். இந்த டெட்ராய்ட் குளிர்ல உன் முடியெல்லாம் ஒடஞ்சுல்ல கெடக்கு! நீ கேக்க வந்ததக் கேளு, என் கை பாட்டுக்குப் பின்னிக்கிட்டு இருக்கும்.

இப்பிடி முகம் பாக்காம இருந்தாத்தான் பேச்சு வரும். நம்ம கறுப்புப் பிள்ளைங்களுக்கும் அதேதான். மனசு சரியில்லன்னு டாக்டர் முன்னால உக்கார வச்சா வாயத் தொறக்குமா? பைத்தியம்னு பட்டம் கட்டிருவாங்களோன்னு பயம். இங்க, எங்கள மாதிரி பின்னல் கடையில, முதுகக் காட்டிக்கிட்டு உக்காந்திருக்கும். மொதல்ல ஸ்கூல் கத. அப்புறம் எவனையாவது திட்டும். பாதித் தல தாண்டினப்புறம்தான் உள்ள கெடக்குறது வெளிய வரும்.

அதுக்குத்தான நீ வேல பாக்குற டிரஸ்டு, பின்னுற எங்களுக்குக் காது குடுத்துக் கேக்கப் பயிற்சியெல்லாம் குடுத்து, பொம்பளப் பிள்ளைங்களுக்கு இலவசமாப் பின்னச் சொல்லிச்சு? நல்ல திட்டம்தான், யாரு இல்லேங்குறா?

போன வருசம் ஏன் மாத்துனீங்க? மணிக்கணக்குக் கூலிய எடுத்துட்டு, தலைக்கு இவ்வளவுன்னு ஆக்கிட்டீங்க. என்னது, நெறையப் பிள்ளைங்களுக்குக் கெடைக்கட்டும்னா? சரிதான். ஆனா கடைக்காரி வாடகை கட்டணும்ல? மொத்தமொத்தமா நாலு சடையப் போட்டு எழுப்பி விட்டுருவா. அந்தப் பிள்ள ஸ்கூல் கதையே முடிச்சிருக்காது.

இழுக்குதா? சொல்லு, தளத்துறேன்.

அட, எனக்குன்னு ஒண்ணும் கேக்கலம்மா. பழையபடி நேரத்துக்குக் குடுங்க, அவ்வளவுதான்.

நீங்க அப்பிடி மாத்துனப்புறம்தான், என் மக டவினாவ நாந்தான் அடுத்த தெரு வெர்லீன் கடைக்கு அனுப்புனேன். கொஞ்ச நாளா மொகமே சரியில்ல. பெத்தவகிட்டச் சொல்ல மாட்டா, வேத்துக் கைன்னா பேசுவான்னு நெனச்சேன். பொடிப் பின்னல் போடுங்கத்தேன்னு கேட்டிருக்கா. ஆறு மணி நேர வேல அது. பின்னால கடை நெறையப் பிள்ளைங்க காத்துக் கெடந்துச்சு. அடுத்த வாரம் வாடி ராசாத்தின்னு, மொத்தச் சடையாப் போட்டு அனுப்பிட்டா வெர்லீன். அவளக் கொற சொல்ல மாட்டேன். அவ இன்னும் என் முன்னால வர மாட்டேங்குறா, பாவம்.

அடுத்த வாரம் வரைக்கும் எம்பொண்ணு இருக்கல. தன் உசுரத் தானே முடிச்சுக்கிட்டா.

அடக்கத்துக்கு முந்தி நாந்தான் பின்னி விட்டேன். வேற யாரையும் தொட விடல. அவ கேட்ட பொடிப் பின்னலு. ஆறு மணி நேரம். பாதித் தல தாண்டியும் அவ ஒண்ணும் பேசல.

திரும்பாதம்மா. உனக்கு இன்னும் பாதி இருக்கு.