நான்கு மணி நேரத்துக்கு ஒரு மாத்திரை

நாய்க்கு மாத்திரை கொடுக்க இட்லியை விடத் தோதான பொருள் கிடையாது. தயிர்சாதத்தில் வைத்தால் சாதத்தை நக்கிவிட்டு மாத்திரையை மட்டும் ஓரமாகத் துப்பிவிடும். வெதுவெதுப்பான இட்லியைக் கிள்ளி, நடுவில் மாத்திரையை அழுத்தி, மேலே கொஞ்சம் நெய் தடவ வேண்டும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம் ஆனது.

பரத்வாஜ், உன் அக்காவின் காரியங்கள் முடிந்த மறுநாள் ஜிம்மி படுக்கும் சாக்குக்கு அடியில் இருந்த நோட்டைப் புரட்டிவிட்டு, "அத்திம்பேர், என்ன பண்ணினேள்னு ஒண்ணு விடாம எழுதிக் குடுங்கோ" என்றாய். எழுதுகிறேன். நான் எதையும் மறைக்கிற ஆள் இல்லை என்பது உனக்கே தெரியும்.

தொண்ணூற்றாறு மார்ச்சில் ஜிம்மியின் முன்னங்கால் வீங்கியது. ஆழ்வார்பேட்டையில் நாய்களுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர் கருணாகரன் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, எலும்பில் புற்று என்றார். உன் அக்கா சூடாமணிக்கும் அதே வியாதி மார்பிலிருந்து முதுகெலும்புக்கு இறங்கியிருந்த சமயம். ஊசி போட்டு முடித்துவிடலாமே என்றார் டாக்டர். ஓர் உயிரைக் கொல்லச் சொல்ல எப்படித்தான் மனசு வருகிறதோ. முடியாது என்று சொல்லிவிட்டேன்.

"அப்படின்னா ஒண்ணு தெரிஞ்சுக்குங்க சார். வாயில்லா ஜீவன் வலியை மறைக்கும். நீங்கதான் பாத்துக் கண்டுபிடிக்கணும்" என்றார். கண் இடுங்கும். மூச்சு வேகமாகும். ஒரே இடத்தை விடாமல் நக்கும். ஆளைக் கண்டால் எழுந்து வராது. பொதுப்பணித் துறையில் முப்பது வருஷம் வரைபடம் போட்ட கை என்னுடையது. நோட்டில் கோடு கிழித்து வேளாவேளைக்குக் குறித்துவந்தேன். போகப் போக அது மூச்சு விடுவதைக் கேட்டே வலி எவ்வளவு என்று சொல்லிவிடுவேன்.

அவர் எழுதிக் கொடுத்த மாத்திரை ஜிம்மிக்குக் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் சூடாமணிக்குத் தந்த மார்ஃபின் கேட்டது. நான்கு மணி நேரத்துக்கு ஒன்று. கையெழுத்து வாங்கிக்கொண்டு எண்ணித்தான் தருவார்கள். அதை ஜிம்மிக்குக் கொடுக்கலாம் என்று முதலில் சொன்னவள் உன் அக்காதான். ஒரு சாயங்காலம் அது ஊளையிட்டபோது, "ஏன்னா, எனக்கு இப்போ தேவலாம். இந்த ஒண்ணை அதுக்குக் குடுத்துடுங்கோ, பாவம்" என்றாள். கொடுத்தேன். அரைமணியில் என் பாதத்தில் தலையை வைத்துக்கொண்டு தூங்கியது. சூடாமணி மாத்திரை போட்டுக்கொண்டால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள், அவ்வளவுதான்.

அவள் சொன்னதை அன்றிலிருந்து ஒரு வேளைகூடத் தவறாமல் செய்தேன். அவளுக்கும் மாத்திரை இல்லாமல் போகக் கூடாதே என்று அதே பருமனில், அதே வெள்ளையில் கால்சியம் மாத்திரை வாங்கி அந்தப் புட்டியில் போட்டேன். எலும்புக்கு நல்லதுதானே.

"ஏன்னா, இந்த மாத்திரை கேக்கவே மாட்டேங்கறதே" என்று அழுவாள். அதை ஆஸ்பத்திரி டாக்டரிடம் அப்படியே சொன்னேன், ஒரு வார்த்தை மாற்றவில்லை. அவர் அளவைக் கூட்டினார். ஜிம்மிக்கும் அந்த மாதம் வலி கூடியிருந்தது. நல்லவேளை.

நீ நினைப்பது போல எனக்கு அவள்மேல் கோபம் எதுவும் இல்லை. இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு தடவை கை நீட்டியதில்லை. அவள் வாயுள்ளவள். தாங்கவில்லையென்றால் சொல்லத் தெரியும், சொன்னாள். கெஞ்சினாள். "என்னைப் பட்டினப்பாக்கம் கொண்டுபோய்க் கடல்ல தள்ளிடுங்கோ" என்றுகூடச் சொன்னாள். அப்படி வாய்விட்டுச் சொன்னாலே பாதி வலி இறங்கிவிடும். ஜிம்மி யாரிடம் போய்ச் சொல்லும்?

கடைசி ஒன்பது நாள் அவளுக்குப் பேச்சு நின்றுவிட்டது. மூளைக்கு ஏறிவிட்டது என்றார்கள். கண் இடுங்கியிருந்தது. மூச்சு வேகமாக இருந்தது. ஒரு விரல் சுவரில் ஒரே இடத்தைச் சுரண்டிக்கொண்டே இருந்து, காரை உதிர்ந்து, நகக்கண்ணில் ரத்தம் கட்டியிருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை நீ அடையாறிலிருந்து வந்து, "அத்திம்பேர், அக்காவுக்கு வலிக்கறதா?" என்று கேட்டாய். ஜிம்மியின் மாத்திரைக்கு நேரமாகியிருந்தது. இல்லை என்றேன்.

அந்தச் சாயங்காலத்துக்குப் பிறகு ஆஸ்பத்திரி தந்த மார்ஃபின் மொத்தமும் நாய்க்குத்தான் போனது. சூடாமணிக்கு ஒன்றுகூடத் தரவில்லை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அன்று உன்னிடம் பொய் சொன்னதாக மட்டும் நினைக்காதே. ஒன்பது நாளும் அவள் பக்கத்திலேயேதான் உட்கார்ந்திருந்தேன். வலித்திருந்தால் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டாளா?