வலது ஓரம்

பாரு தம்பி, நல்லா குனிஞ்சே பாரு. பைக் வாங்க வர்றவன் முதல்ல என்ஜின முறுக்கிப் பாப்பான். நீ நேரா பின் டயருக்குப் போயிட்ட. நீயும் நம்ம ரொமாஞ்ஞா மலைப்பக்கத்து ஆளுதான், சந்தேகமே இல்ல. முன்பக்கம் பூரா மாத்தினது, மறைக்கல. பின்னாடி நான் கைவைக்கல.

ஆமா, இடது பக்கம் கடைசி வரைக்கும் தேஞ்சிருக்கு. வலது பக்கம் ஒரு விரக்கட புதுசாவே இருக்கு. அதத்தான கேக்குற?

கணவாய் மேல தீனோவோட காபிக்கடை தெரியும்ல? ஞாயித்துக்கெழம அங்க போயி நிறுத்தினா எவன் மூஞ்சியப் பாக்குறான், டயரத்தான பாக்குறானுங்க. வளைவுல நல்லா சாஞ்சு ஓட்டினாத்தான் ஓரம் தேயும், தேயலன்னா பயந்தாங்கொள்ளி. அன்னைக்கு தீனோ குனிஞ்சு பாத்துட்டு, என்ன இவானோ, இந்த ஓரத்த ரொட்டிக்குள்ள வச்சுத் திங்கவா பத்திரமா வச்சிருக்கன்னான். கடையே சிரிச்சுது. என் பொண்டாட்டி நீவெஸும் சிரிச்சா. அவ சிரிச்சதுதான் எனக்குத் தச்சுது.

சாயத் தெரியாதவன் இல்ல நான். எத்தன பேருக்குச் சொல்லிக் குடுத்திருக்கேன். வளைவு வர்றதுக்கு முன்னாடியே பாதி இடுப்ப உள்பக்கம் எறக்கிரணும். வெளிப்பக்க முட்டி டேங்க கெட்டியா அணைச்சிருக்கணும், கை தளர்வா இருக்கணும். கண்ணு வளைவு முடியற எடத்துல. கண்ணு எங்கயோ வண்டி அங்க. நீவெஸுக்கும் சொல்லியிருந்தேன், என் உள்பக்கத் தோளுக்கு மேல பாரு, நான் சாஞ்சா நீயும் சாயி, நடுவுல நிமிந்தா வண்டி வெளிய ஓடிரும்னு. அவள மாதிரி பின்னாடி உக்கார ஆளே கெடையாது தம்பி. உக்காந்திருக்கறதே தெரியாது.

அன்னைக்குக் கணவாயில இருந்து எறங்கறப்ப, மூணாவது வலது வளைவு. இன்னைக்கு இந்த ஓரத்தத் தேச்சுத்தான் வீட்டுக்குப் போறதுன்னு விட்டேன். மெதுவா இவானோன்னா. கேக்கல.

கல்லுச்சுவர்ல போயி மோதினோம். எனக்குத் தோள்பட்ட. அவளுக்கு இடுப்புக்குக் கீழ எல்லாம் போச்சு. ரெண்டு வருஷம் ஆச்சு. ஆஸ்பத்திரிக்கு வந்த தீனோ, நீவெஸ் நிமிந்துட்டாளான்னு கேட்டான். ஆமான்னேன். டயரோட கடைசி ஓரம் வரைக்கும் சாஞ்சுட்டேன், அவ நிமிந்துட்டா, அதுக்கு மேல நான் என்ன பண்றதுன்னேன். ஊரே நம்பிருச்சு. காபி குடிச்சதுக்கப்புறம் அவளுக்கு எதுவும் ஞாபகமில்ல. அவளும் நம்பிட்டா.

ஏன் மறுபடியும் டயரப் பாக்குற?

ம். வெவரமானவன் நீ. கடைசி வரைக்கும் சாஞ்சிருந்தா இந்த ஓரம் எப்படி புதுசா இருக்கும். இன்னும் சாய எடம் இருந்துது. அவ என் முதுகோட ஒட்டி சாஞ்சேதான் இருந்தா. நாந்தான் பயந்துபோயி சுவரப் பாத்தேன், நிமிந்தேன், பிரேக்க அழுத்தினேன்.

டயர மாத்தியிருக்கலாமேங்கற. ரெண்டு தடவ ஸ்பேனர எடுத்தேன். அவ மேல தப்பில்லன்னு சொல்ல உலகத்துல இது ஒண்ணுதான் இருக்கு, கை வரல. வாயத் தொறந்து சொல்லவும் வரல. நான் தூக்காம அவளால கட்டில விட்டு எறங்க முடியாது. சொல்லிட்டேன்னா அப்புறம் யாரு கழுத்தப் புடிச்சுக்கிட்டு எந்திரிப்பா?

நாளைக்கு வாசப்படிய இடிச்சுட்டு சரிவு போட ஆளு வருது. அப்புறம் சக்கர நாற்காலியத் தள்ளிக்கிட்டு அவளே இந்த ஷெட்டுக்கு வந்துருவா. டயரப் பாத்து வெவரம் சொல்ல அவளுக்கும் தெரியும்.

கூப்பிடறா பாரு. வர்றேன் நீவெஸ், வந்துட்டேன். தூக்கி உக்கார வைக்கணும். தூக்கறப்பல்லாம், நிமிந்துட்டேன் இவானோ, மன்னிச்சுருன்னுவா. பரவாயில்ல விடும்பேன்.

சாவி அந்த ஆணியில இருக்கு. போறப்ப மலை வழியாவே போ தம்பி. வலது வளைவுல நல்லா சாஞ்சு ஓட்டு. அந்த ஓரம் தேஞ்சுரட்டும்.