வரம்புக்கு மேல் முந்நூறு கிராம்

எங்கள் துப்பாக்கி சுடும் சங்கத்தில் ஞாயிற்றுக்கிழமை மதியம் சாசேஜ் வாட்டுவது என் வேலை. பதினெட்டு வருடத்தில் ஒன்றைக்கூடக் கருகவிட்டதில்லை. எதிலும் கவனம் தவறாதவன் நான், சார்ஜென்ட். தலையாட்ட வேண்டாம், எழுதிக்கொள்ளுங்கள்.

பழைய மாதிரித் துப்பாக்கியில் கருமருந்து கெட்டித்துச் சுடுகிறவர்கள் நாங்கள். வீட்டில் எவ்வளவு மருந்து வைக்கலாம் என்பது அவரவர் உரிமத்தில் இருக்கிறது. எங்களுக்கு விற்பவர் வருடத்தில் இரண்டு முறைதான் இந்தப் பக்கம் வருவார். முழு டப்பாவாகத்தான் கொடுப்பார். பழையது தீர்வதற்குள் புதியது வந்துவிடும். அந்த வாரம் யார் மருந்துப் பெட்டியை எடைபோட்டாலும் கொஞ்சம் கூடுதலாகத்தான் இருக்கும். அதனால் அந்த வாரத்தில் யாரும் யார் வீட்டிலும் எடைபோடுவதில்லை.

நோரீன் டக்கெட் மட்டும் எடைபோட்டாள். புதிதாகச் செயலாளர் ஆன திமிர். தராசோடு என் வீட்டுக்கு வந்தாள். முந்நூறு கிராம் கூடுதல். அதை என்னிடம் தனியாகச் சொல்லியிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை, முப்பது பேர் தட்டோடு வரிசையில் நிற்கும்போது சொன்னாள்.

"என்னய்யா மெர்வின், ஊருக்கெல்லாம் சட்டம் பேசுவ. உன் பெட்டிய நிறுத்தா முந்நூறு கிராம் தூக்கலா நிக்குது. சாசேஜையாவது எங்களுக்கு அளந்து போடுவியா?"

எல்லோரும் சிரித்தார்கள். சங்கத்திலிருந்து எனக்கு மூன்று மாத விலக்கம். மாநிலப் போட்டி அதற்குள் முடிந்துவிடும். வயது எழுபத்தொன்று, கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. அடுத்த வருடம் என்று எனக்கு ஒன்றில்லை. அவளை வெறுத்தேன். இதில் மறைக்க என்ன இருக்கிறது?

நோரீன் கண்ணில் படாத மூன்று டப்பா மருந்து என்னிடம் இருந்தது. புதன்கிழமை காலை அவளும் அவள் கணவன் லைலும் டவுனுக்குப் போயிருந்தார்கள். எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவில் ஆடு மேயும் நிலம் ஒன்றுதான். டப்பாக்களை அவர்கள் கொட்டகையில், வேலைமேசைக்கு அடியில் வைத்தேன். ஆய்வாளர் கண்ணில் சட்டென்று படட்டும் என்று ஒன்றின் மூடியைத் திறந்தே விட்டேன். பிறகு உரிம அலுவலகத்துக்கு ஒரு மொட்டைக் கடிதம் போட்டேன். திங்கட்கிழமைக்குள் வந்துவிடுவார்கள் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு லைல் போன் செய்தான். நல்ல மனுஷன். அவன்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை.

"மெர்வின், அவ பேசினத மனசுல வெச்சுக்காதய்யா. அவ வாய்தான் அப்படி. நம்ம கேட் கொண்டி துருவேறிக் கெடக்கு, கொட்டகையில மேசைமேல வெச்சு அறுத்துட்டு அங்க வர்றேன். ஆளுக்கொரு பீர் அடிப்போம்."

"கட்டிங் மெஷின்லயா?"

"பின்ன, பல்லால கடிச்சா அறுப்பாங்க?"

இரும்பை அறுக்கும்போது பொறி எப்படித் தெறிக்கும் என்று எனக்குத் தெரியும். மேசைக்கு அடியில் பார் என்று சொன்னால் போதும். சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பான். என் உரிமம் போய்விடும். துப்பாக்கிகளையும் வந்து அள்ளிக்கொண்டு போவார்கள்.

"சரி, மெதுவா வா" என்றேன்.

இரண்டு பீரை ஃபிரிட்ஜில் வைத்தேன். அந்தப் பக்கத்து ஜன்னல்களையெல்லாம் திறந்துவைத்தேன்; மூடியிருந்தால் கண்ணாடி உடையும். பிறகு உட்கார்ந்திருந்தேன். போன் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. இருபது நிமிடம் கழித்துச் சத்தம் கேட்டது. முதல் ஆளாக ஓடியது நான்தான். நோரீன் முற்றத்தில் நின்று அவன் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தாள். அவளைப் பிடித்து உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்தேன்.

டப்பாக்களை வைத்தது நான். லைல் செத்துப்போவான் என்று தெரிந்தே வாயை மூடிக்கொண்டிருந்ததும் நான். கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ஒன்றை விட்டுவிடாமல் சேர்த்து எழுதுங்கள்: அன்று காலை உரிமத்துக்கு மேல் மருந்து இருந்தது நோரீன் வீட்டில், என் வீட்டில் இல்லை. அவளுக்கு எத்தனை மாத விலக்கம் என்று சங்கத்திலிருந்து இன்னும் எனக்குத் தகவல் வரவில்லை.