‘டக்’கைத் துடைத்தவர்களே!

மேடையில் அமர்ந்திருக்கும் ஒலிப்பதிவுக் கூட உரிமையாளர் அவர்களே, வாத்தியக் கலைஞர் சங்கத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் அழுது ஓய்ந்து அமர்ந்திருக்கும் அண்ணி அவர்களே, தோழர்களே, வணக்கம்.

அண்ணனின் நினைவுக் கூட்டத்தில் நாலு வார்த்தை பேசி, அழுதுவிட்டு உட்காரலாம் என்றுதான் வந்தேன். ஆனால் சற்றுமுன் அண்ணனுடைய கிட்டார் என்று ஒலிபெருக்கியில் ஒன்றைப் போட்டீர்களே, அதிலிருந்து எனக்கு வயிறு எரிகிறது! அண்ணி என் பக்கம் சாய்ந்து, “தம்பி, இது யாரு வாசிக்கிறது?” என்று கேட்டார்கள். முப்பது வருடம் பக்கத்து அறையில் இருந்து கேட்ட காது அது!

கிட்டார் மேதை அண்ணனுக்கு ‘உள்ளங்கை’ என்று ஏன் பெயர் வந்தது? வலது உள்ளங்கையின் ஓரத்தைக் கம்பிகள் முடியும் இடத்தில் பதித்துக்கொண்டு மீட்டுவார். கம்பி வாய்விட்டுப் பாடாது; ‘டக் டக்’ என்று தொண்டைக்குள்ளேயே பேசும். பிறகு கையை நூலளவு தூக்குவார். அடக்கி வைத்த ஸ்வரம் அப்போது பீறிட்டு வரும் பாருங்கள்! கம்பியை மீட்டும் பிக்கை நிமிர்த்திப் பிடித்து அடித்தால் அதட்டல், சாய்த்துத் தடவினால் கெஞ்சல். இருபத்திரண்டு வருடம் அவர் முதுகுக்குப் பின்னால் டிரம்ஸ் வாசித்தவன் சொல்கிறேன்.

ஒருமுறை பாடகி காய்ச்சலோடு மேடை ஏறினார். வரிக்கு வரி மூச்சு வாங்கியது. அந்த இடமெல்லாம் பார்த்து அண்ணன் ‘டக் டக்’ என்று நிரப்பினார். கைதட்டல் பாடகிக்குப் போனது. இவர் பின்னால் நின்று கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அப்படிப்பட்டவரின் கடைசித் தனி வாசிப்பை என்ன செய்தீர்கள்? “கம்பிச் சத்தம் நிறைய இருந்துச்சுண்ணே, கிளீன் பண்ணிட்டேன்” என்றார் உங்கள் ஒலிப்பதிவுக் கூட எடிட்டர். அத்தனை ‘டக்’கையும் அழுக்கு என்று வெட்டி எறிந்துவிட்டார்! அண்ணன் கேட்டுவிட்டு, “சளியத் துடைக்கச் சொன்னா மூக்கையே அறுத்துட்டியேப்பா!” என்றார். அன்று நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

வெட்டியதைத் திரும்பச் சேர்க்கச் சொல்லி மூன்று முறை உங்கள் அறைக்கு வந்து கேட்டாரே, உரிமையாளர் அவர்களே! “விடுங்கண்ணே, யாருக்குத் தெரியப்போகுது?” என்றீர்கள். யாருக்குத் தெரியுமா? அண்ணிக்குத் தெரிந்துவிட்டதே! இன்று அதே மூக்கறுந்த பதிவை நினைவு வெளியீடாகக் கொண்டுவரப் போவதாக இந்த மேடையிலேயே அறிவிக்கிறீர்கள். உயிரோடு இருந்தபோது காது கொடுக்கவில்லை. இப்போது மாலை மட்டும் எதற்கு?

வெட்டாத மூலப்பதிவு அண்ணியின் கைப்பையில் இருக்கிறது. அது வெளிவரும் வரை உங்கள் கூடத்தில் நான் குச்சியைத் தொடமாட்டேன். இது அண்ணன் படத்தின் முன் நான் கொடுக்கும் வாக்கு. என்னோடு நிற்பவர்கள் கையைத் தூக்குங்கள்... பார்த்துக்கொள்ளுங்கள் ஐயா, எத்தனை கை! தலையை ஆட்டினால் போதாது, வெட்டாததையே வெளியிடுகிறேன் என்று பிறகு மைக்கில் வந்து வாய்விட்டுச் சொல்லுங்கள்.

நிகழ்ச்சி நிரலில் இரண்டு நிமிட மௌனம் என்று போட்டிருக்கிறது. அதற்குப் பதிலாக அண்ணி கொண்டுவந்ததைப் போடச் சொல்கிறேன். எழுந்து நில்லுங்கள். முதலில் ஸ்வரம் வராது, ‘டக்’ என்று ஒரு சத்தம்தான் வரும். ஸ்பீக்கர் கோளாறு என்று யாரும் ஓடிப்போய்க் குறைத்துவிடாதீர்கள். அது அண்ணன் கை.