ஒரு துளியில் வெளுக்கும் தண்ணீர்

சோதனைக் குழாய் கழுவுகிற வேலை எனக்குப் பிடித்திருந்தது. அதில் யாரோடும் பேச வேண்டியதில்லை. மாணவிகள் ஆய்வகத்தை விட்டுப் போன பிறகு, தூரிகையை உள்ளே விட்டுச் சுழற்றி, அலசி, ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக் கவிழ்த்து வைப்பேன். நானும் அதே பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு வரை படித்தவள்தான். பதில் சொல்ல எழுந்து நின்றால் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். அம்மா படுக்கையில் விழுந்ததைச் சாக்காக வைத்துப் படிப்பை நிறுத்திக்கொண்டேன். பிறகு அறிவியல் டீச்சர்தான் பாவம் பார்த்து இந்த வேலையை வாங்கிக் கொடுத்தார்.

நேற்று இந்த ஸ்டேஷனில் நீங்கள் கேட்டீர்கள், மேடம். "ஏம்மா இப்படிப் பண்ணின? உங்க அண்ணி உனக்கு என்ன குறை வச்சா?" என்று. அண்ணி எனக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. அதனால்தான் பயம் வந்தது.

அம்மாவை அண்ணிதான் பார்த்துக்கொண்டார். தலை சீவி விடுவது, துணி மாற்றுவது, கரண்டியால் தண்ணீர் புகட்டுவது எல்லாம் அவர்தான். பெற்ற மகள் நான் கதவருகில் நிற்பேன். கடைசி நாட்களில் ஒரு மத்தியானம் அம்மா கரண்டியைத் தள்ளிவிட்டு, "தண்ணி என்னமோ மாதிரி இருக்குடி" என்றார். "வாய்க் கசப்பு அத்தை. கொஞ்சம் முழுங்குங்க, என் கண்ணுல்ல" என்று அண்ணி உதட்டைத் துடைத்துவிட்டார். அம்மா முழுங்கினார். மற்றவர்கள் அந்தப் பேச்சை மறந்துவிட்டார்கள். நான் மறக்கவில்லை.

ஆய்வகத்தில் டீச்சர் பாடம் நடத்தும்போது பின்னால் நின்று கேட்பேன். கனன்றுகொண்டிருக்கும் குச்சி மறுபடி பற்றிக்கொண்டால் ஆக்சிஜன். சுண்ணாம்புத் தண்ணீர் பால் போல் ஆனால் கார்பன் டை ஆக்சைடு. மாவில் அயோடின் பட்டால் கருநீலம். சோதனைகள் மனிதர்களைப் போல இல்லை. மனத்தில் ஒன்று வைத்து வாயில் ஒன்று பேசாது.

அன்று டீச்சர் பழுப்பு நிறப் புட்டியிலிருந்து சில்வர் நைட்ரேட்டை ஒரு துளி விட்டார். தெளிந்த தண்ணீர் தயிர் போல வெளுத்தது. "வெள்ளையா திரிஞ்சா குளோரைடு. லேசா கலங்கினாலும் குளோரைடுதான், கொஞ்சமா இருக்குன்னு அர்த்தம்" என்றார். நான் அலமாரியைத் திரும்பிப் பார்த்தேன். அலமாரியில் பூட்டி வைக்கும் தட்டு ஒன்று உண்டு. அதில் மண்டையோட்டுப் படம் ஒட்டிய சில புட்டிகளின் பெயர் குளோரைடு என்றுதான் முடியும். அந்தத் தட்டின் சாவி என்னிடம் இருந்தது.

ஒரு சிறிய சொட்டுக் குப்பியில் சில்வர் நைட்ரேட்டை வீட்டுக்கு எடுத்துப் போனேன். அண்ணி எனக்கு ஊற்றி வைத்த டம்ளரிலிருந்து கொஞ்சம் தண்ணீரைச் சோதனைக் குழாயில் எடுத்து ஒரு துளி விட்டேன். புகை இறங்குவது போல வெள்ளை இறங்கியது.

நான் அவசரப்படவில்லை, மேடம். ஆய்வகத்தில் காய்ச்சி வடித்த தண்ணீரில் அதே துளியை விட்டுப் பார்த்தேன். கண்ணாடி போல் அப்படியே இருந்தது. அண்ணி தந்த ரொட்டியில் அயோடின் கருநீலமானது, ஆனால் மாவு என்றால் அப்படித்தான் ஆகும் என்று அதை ஒதுக்கிவிட்டேன். சமையல் உப்பும் ஒரு குளோரைடுதான் என்பது எனக்குத் தெரியும். ஆனால் குடிக்கிற தண்ணீரில் யார் உப்புப் போடுவார்கள்?

அதன் பிறகு வீட்டில் ஒவ்வொரு சத்தமும் எனக்குக் கேட்டது. சமையலறையில் கரண்டி கலக்கும் சத்தம், டப்பாவின் மூடி திறக்கும் சத்தம், என் அறையை நோக்கி வரும் செருப்பின் சத்தம். "குடிச்சிட்டுக் குடு, டம்ளரைக் கழுவணும்" என்று அண்ணி பக்கத்திலேயே நிற்பார். நான் வாயில் வைத்துக்கொண்டு, அவர் திரும்பியதும் ஜன்னல் வழியாகத் துப்பிவிடுவேன். வேலைக்குப் போய்த்தான் தாகம் தீரக் குடிப்பேன். உடம்பு துரும்பாக இளைத்தது. அண்ணி என் தோள் எலும்பைத் தொட்டுப் பார்த்து, "காத்தடிச்சா பறந்துடுவ போல இருக்கே" என்று சொல்லி, ஒரு சொம்பு தண்ணீரில் எதையோ கலக்கிக்கொண்டு வந்தார். சர்க்கரையும் உப்பும் என்றார். அதில் துளி விட்டபோது குழாயின் அடி தெரியாத அளவுக்கு வெள்ளை கட்டிக்கொண்டது. அளவைக் கூட்டிவிட்டார் என்று புரிந்தது.

சில்வர் நைட்ரேட் கையில் பட்டால் தோல் கறுத்துவிடும். ஒரு நாள் சாப்பிடும்போது அண்ணன் அதைப் பார்த்துவிட்டான்.

"ஏய் ஊமைக்கோட்டான், என்னடி விரல் இது? மை டப்பாக்குள்ள விழுந்துட்டியா?"

"ஸ்கூல்ல பட்டுது."

"பரீட்சைக்குப் பயந்து ஓடி வந்தவ இப்ப விஞ்ஞானி ஆயிட்டா பாரு."

"சும்மா இருங்க. அவளே அரண்டு கிடக்கா" என்று அண்ணி என் கையை இழுத்து, எலுமிச்சம்பழத்தை வைத்துத் தேய்த்தார். கறை போகவில்லை. அவர் விடவில்லை. ஒவ்வொரு விரலாகத் தேய்த்தார். நான் கண்டுபிடித்துவிட்டேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. இல்லாவிட்டால் அந்தக் கறையின் மேல் அவருக்கு ஏன் அவ்வளவு அக்கறை?

டீச்சரிடம் கேட்டுவிடலாம் என்று ஒரு தடவை பக்கத்தில் போய் நின்றேன். "டீச்சர்..." என்றேன். அவர் மாணவிகளின் விடைத்தாளிலிருந்து தலை தூக்கி, "சொல்லும்மா" என்றார். "ஒண்ணுமில்ல டீச்சர்" என்று சொல்லிவிட்டு வந்து குழாய்களைக் கழுவினேன்.

என் உயிர் மட்டும் என்றால் நான் இன்னும் பொறுத்திருப்பேன். அண்ணன் வயிறு கெட்டுப் படுத்தபோதுதான் பொறுக்க முடியவில்லை. அண்ணி அதே சொம்பை எடுத்து, அதே மாதிரி கலக்கி, அவனைத் தூக்கி உட்கார வைத்துப் புகட்டினார். "முழுங்குங்க, எல்லாம் சரியாயிடும்." அம்மாவுக்குப் புகட்டிய அதே குரல். மிச்சத்தில் துளி விட்டேன். வெள்ளை. அவன் எனக்கு ஒரே அண்ணன். அம்மாவுக்குப் பிறகு எனக்கென்று இருக்கிற ஒரே ஆள்.

மறுநாள் அண்ணன் எழுந்து வேலைக்குப் போய்விட்டான். நான் மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டேன். பூட்டிய தட்டிலிருந்து எதை எடுத்தேன் என்று முதல் நாளே எழுதிக் கொடுத்திருக்கிறேன், அதை மறுபடி சொல்ல வேண்டாம். அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தார். நான் டீ போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அவர் என்னையும் டம்ளரையும் மாறி மாறிப் பார்த்தார். "அதிசயமா இருக்கே. எனக்கா? இன்னைக்கு மழைதான் கொட்டப் போகுது" என்று சிரித்தார். ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"நல்லா இல்லையா அண்ணி?"

"யார் சொன்னா? தூள் கொஞ்சம் தூக்கலா விழுந்துடுச்சு, அவ்வளவுதான். நீ ஆசையா போட்டது, வீணாக்குவேனா?"

முழுவதையும் குடித்தார். டம்ளரை நான் வாங்கிக் கழுவினேன்.

கொஞ்ச நேரத்தில் அவருக்கு முடியாமல் போனது. பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடு என்றார். நான் கதவைச் சாத்திவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தேன். அப்புறம் தண்ணீர் கேட்டார். பல தடவை கேட்டார். வீட்டில் வெளுக்கிற தண்ணீரைத் தவிர வேறு தண்ணீர் இல்லை. சாகப் போகிறவருக்கு அதைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அவ்வளவு கெட்டவள் இல்லை நான்.

கொன்றது நான்தான். அதில் உங்களுக்குச் சந்தேகம் வேண்டாம். அண்ணன் இன்னும் என்னைப் பார்க்க வரவில்லை. உயிரோடு இருக்கிறான் என்று நீங்கள் சொன்னீர்கள், அது போதும்.

இன்று காலை டீச்சர் வந்தது உங்களுக்குத் தெரியும். நீங்கள்தான் உள்ளே விட்டீர்கள். கைப்பையில் அந்தப் பழுப்புப் புட்டியையும் ஒரு சோதனைக் குழாயையும் கொண்டுவந்திருந்தார். இந்த ஸ்டேஷன் வராந்தாக் குழாயில் என் கண் முன்னால் தண்ணீர் பிடித்து வந்து, ஒரு துளி விட்டார்.

வெளுத்தது.

"பாரும்மா. எந்தக் குழாய்த் தண்ணியிலயும் இது வரும். எங்க வீட்டுலயும் வரும். காய்ச்சி வடிச்ச தண்ணியில மட்டும்தான் வராது. அது விஷம் இல்லம்மா, வெறும் உப்பு. உங்க அண்ணி இங்க வந்ததே இல்லையே, அப்புறம் இது எப்படி வெளுக்கும்? அன்னைக்கு வந்து நின்னியே, ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?" டீச்சர் லாக்கப் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

டீச்சர் எப்போதும் தெளிவாக விளக்குவார். எனக்கும் புரிந்தது. புரிந்த அந்த நேரத்தில் காலுக்குக் கீழே தரையே இல்லாதது போல இருந்தது. அப்படியொரு பயத்தை நான் அந்த வீட்டில்கூட அனுபவித்ததில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டேன். அண்ணி மடித்துக்கொண்டிருந்தது என் பாவாடை என்று அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

நல்லவேளை, நிதானமாக யோசித்தேன். டீச்சர் வருவதற்கு முன்னால், உங்களிடம் பேச அண்ணியின் தங்கை வந்திருந்தாள். அழுத முகத்தை அந்த வராந்தாக் குழாயில்தான் கழுவினாள். நீங்கள் யாரும் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். ஒரு முகத்தைக் கழுவ அவ்வளவு நேரம் ஆகாது.

உங்கள் மேசை மேல் இருக்கும் தண்ணீரைக் குடிக்காதீர்கள், மேடம். அவளை மட்டும் ஒரு தடவை என்னைப் பார்க்க உள்ளே அனுப்புங்கள்.