ஷீட்டுக்குக் கீழே

சேலத்திலிருந்து நாமக்கல் போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இருவர் பேசிக்கொண்டு வந்தார்கள். பழைய ராணுவ அலுவலகம் ஒன்றை இடித்துப் புதிதாகக் கட்டினால் சுற்றுப்புறத்துக்கு என்னென்ன பாதிப்பு வரும் என்று ஆய்வு செய்துவிட்டு வந்தவர் அந்தப் பெண். மற்றவர் அங்கே காவலாளி.

“கூரையிலிருக்கற ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுதானுங்கண்ணா ஆபத்து. உடைச்சா அந்தத் தூசி நுரையீரலுக்குப் போயிரும். இடிக்கறப்ப பக்கத்துல ஆளே இருக்கக் கூடாதுன்னு எழுதியிருக்கறேன்.”

“பதினெட்டு வருசமா அதுக்குக் கீழதானுங்க அம்மணி உக்காந்திருக்கறேன்.”

“உடையாம இருந்தா பெருசா ஒண்ணும் பண்ணாதுங்க.”

“ஒழுகறப்பெல்லாம் நான்தானுங்க ஏறி அறுத்து மாத்துவேன். நாளைக்குக்கூட ரெண்டு ஷீட்டு மாத்தோணும்.”

அந்தப் பெண் அவர் பக்கம் திரும்பி, “மூச்சு வாங்குதுங்களா?” என்று கேட்டார்.

“படி ஏறுனா வாங்குமுங்க. வயசாச்சுன்னு உட்டுட்டேன்.”

அந்தப் பெண் உடனே அந்த ராணுவ அலுவலகத்துக்குப் போன் செய்து, நாளை கூரையில் யாரும் கை வைக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். காவலாளியிடம், “காலையில நெஞ்சு டாக்டரப் பாக்கலாமுங்கண்ணா, நானும் கூட வாரேன்” என்றார்.

காவலாளி ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்தார்.

“மழ வந்தா ஃபைலெல்லாம் நனைஞ்சு போயிருமுங்களே?”

“நனையட்டுமுங்கண்ணா.”